மிச்சத் துணியில் ஒரு வண்டி

மனைவி மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து பத்துமடங்காருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. ஸ்கூட்டர் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அவள் கேட்டது நானூறு சிசி அட்வெஞ்சர் வண்டி. தார் ரோட்டிலும் ஓடும், தார் முடிந்த இடத்திலும் ஓடும். நீளக் கால் வெள்ளாடு மாதிரி உயரமாக நிற்கும். அதில் ஏறி அவள் மலைக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போகப்போகிறாளாம். அதுவும் தனியாக.

பத்துமடங்கார் என்பது அவருக்கு வேலையிடத்தில் விழுந்த பெயர். லிஃப்டுகளைச் சோதித்து, ஓடலாம் ஓடக்கூடாது என்று சொல்வது அவர் வேலை. ஒரு லிஃப்ட் எவ்வளவு எடை ஏற்றுகிறதோ, அதைப்போலப் பத்து மடங்கையாவது அதன் கம்பிவடம் தாங்க வேண்டும் என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி. நாளடைவில் அந்தப் பத்து மடங்கு வடத்தை விட்டு இறங்கி அவரோடு வீட்டுக்கே வந்துவிட்டது. மழை வரும்போலத் தெரிந்தால் இரண்டு குடை எடுப்பார். ரயிலுக்கு அவர் கிளம்புகிற நேரத்தில் அதற்கு முந்தைய ரயிலே வந்திருக்காது என்று மைத்துனன் கேலி செய்வான்.

எது, எங்கே, எப்படி உடையும் என்று யோசிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இரும்பை அப்படிப் பார்த்தால் நாலு பேர் உயிர் பிழைக்கும். பெண்டாட்டியை அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் மனிதன் நிம்மதியாக இருக்க முடியாது. அவள் குனிந்து செருப்பு மாட்டும்போது முழங்காலைப் பார்ப்பார். காபி ஆற்றும்போது மணிக்கட்டைப் பார்ப்பார். எவ்வளவு மெல்லியது என்று தோன்றும்.

வேண்டாம் என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. பணம் அவளுடையது, சீருடை தைக்கும் பட்டறையில் பல வருஷம் நின்றுகொண்டே துணி வெட்டிச் சேர்த்தது. அது ஒரு காரணம். இன்னொன்று, கல்யாணமான புதிதில் அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்குவதை, லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டு இருட்டில் மேலே போவதை அவள் ஒரு தடவை வந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வேலையை விடு என்று அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அது அவர் வாயைக் கட்டிப்போட்டிருந்தது.

வண்டி ஓட்ட அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் தம்பிதான். தன்னுடைய சின்ன பைக்கில் மைதானத்தைச் சுற்ற வைத்து, லைசென்ஸும் எடுக்க வைத்துவிட்டான். 'குடும்பத்துக்குள்ளயே ஒரு எதிரி' என்று பத்துமடங்கார் அவனை நினைத்துக்கொள்வார். நேரில் பார்த்தால் சிரித்துப் பேசுவார்.

ஷோரூமுக்கு மூன்று பேரும் போனார்கள். விற்பனையாளர் வழக்கம்போல ஆம்பிளையைப் பார்த்தே பேசினார். சாருக்கு எந்தக் கலர், சாருக்கு எவ்வளவு மைலேஜ் எதிர்பார்ப்பு. சாரோ வண்டிகளின் பக்கவாட்டு ஸ்டாண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய எருமையை இந்தத் துளிக் கம்பியா தாங்குகிறது என்ற யோசனை அவருக்கு.

அவள் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றில் கால் விரல் நுனிகூடத் தரையில் படவில்லை. இன்னொன்றில் கால் எட்டியது, ஆனால் நிமிர்த்தவே மூச்சு வாங்கியது. மூன்றாவது சாம்பல் நிறம். கால் பாதி ஊன்றியது. சீட்டை இன்னும் கொஞ்சம் இறக்கித் தரலாம் என்றார்கள். அவள் இறங்கி நின்று, இந்த வண்டியைக் கீழே படுக்கப் போடுங்கள் என்றாள்.

விற்பனையாளருக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். ஆள் இல்லாத ரோட்டில் விழுந்தால் தூக்கிவிட யாரும் வரமாட்டார்கள். தனியாகத் தூக்க முடிகிற வண்டியைத்தான் வாங்குவாள். பின்கட்டில் ஓட்டிப் பார்க்கிற பழைய வண்டி ஒன்று அதே ரகத்தில் நின்றது. அதை ஒரு மெத்தைமேல் சாய்த்தார்கள். அவள் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியையும் பிடித்து, காலை உந்தி உந்திப் பின்னால் நடந்தாள். வண்டி எழுந்து நின்றது. தம்பி விசிலடித்தான்.

பத்துமடங்கார் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் விழமாட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பாமல் சண்டை போட்டிருக்கலாம். விழப்போவதாகவே முடிவு செய்துவிட்டு எழுவதற்குப் பழகுகிறவளிடம் என்னத்தைப் பேசுவது?

வீட்டுக்கு வந்ததும் பட்ஜெட். இதை அவள் போட்ட விதம் வேறு யாரும் போடாதது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த கழிவுத் துணியில் நீலமாக ஒரு நீண்ட பட்டையைக் கிழித்துச் சாப்பாட்டு மேஜையின் நீளத்துக்கு விரித்தாள். அதுதான் மொத்தச் சேமிப்பு. சாம்பல் வண்டியின் விலைக்கு ஏற்ற நீளத்தில் சாம்பல் துணி ஒன்றை வெட்டி, அதன்மேல் ஒரு முனையில் வைத்தாள். முக்கால் பங்குக்குச் சற்றே குறைவாக வந்தது. மிச்சமிருக்கும் நீலத்துக்குள் மற்றச் செலவெல்லாம் அடங்க வேண்டும். சட்டைக்கு உடல், கை, காலர் எல்லாவற்றையும் கொடுத்த துணிக்குள் பொருத்துகிற அதே வேலை. துணி பத்தவில்லை என்று பட்டறையில் யாரிடமும் போய் அழ முடியாது. கிடைத்ததில் அடக்குபவர்தான் வெட்டுகிறவர்.

"மத்த செலவெல்லாம் எவ்வளவு ஆகும்னு நீங்க சொல்லுங்க. உங்கள மாதிரி பயந்து பயந்து கணக்குப் போடுற ஆள் ஊர்ல இல்ல. நீங்க அளவு குடுங்க, நான் வெட்டிக்கறேன்."

அவர் மைத்துனனைத் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தலைக்கவசம், கவசம் வைத்த ஜாக்கெட், முழங்கால் காப்பு, பூட்ஸ், கையுறை. வண்டிக்கு அடியில் கல் தட்டாமல் ஒரு தகடு, இரண்டு பக்கமும் கம்பிக் காப்பு, சாமான் பெட்டி, இன்சூரன்ஸ், முதல் வருஷ சர்வீஸ், மாற்று டயர். அவன் சொன்ன விலையை எல்லாம் மேஜைக்கு வரும் வழியிலேயே இரண்டால் பெருக்கினார்.

முதலில் அதைப் பொய் என்று அவர் நினைக்கவில்லை. தொழில் புத்தி, பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறோம் என்று நினைத்தார். ஜாக்கெட்டுக்கும் பூட்ஸுக்கும் அந்தச் சமாதானம் தாங்கியது. சாமான் பெட்டி வந்தபோது, கூட்டுவது எதற்காக என்று அவருக்கே தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொன்னார்.

மைத்துனன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மாமா, அக்காவுக்கு பைக் வாங்கறீங்களா, பீரங்கி வண்டி வாங்கறீங்களா?"

"உயிர் விஷயம்டா. ஒசத்தியான சாமானாத்தான் வாங்கணும்" என்றார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் எதையும் கேள்வி கேட்கவில்லை. பட்டறையில் அளவு எடுப்பவர் வேறு, வெட்டுபவர் வேறு. வந்த அளவைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் பொழுதுக்கும் ஒரு சட்டைகூட வெட்டி முடியாது. அவர் சொல்லச் சொல்ல அவள் துண்டு துண்டாக வெட்டி நீலத்தின்மேல் அடுக்கினாள். இடம் பத்தாமல் சாம்பல் துணியைத் தள்ளித் தள்ளிக் கடைசித் துண்டை வைத்தபோது, அது நீலத்தைத் தாண்டி ஒரு சாண் மேஜை விளிம்புக்கு வெளியே தொங்கியது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதுகாப்புச் சாமானில் கை வைக்கலாமே என்று தம்பி மெதுவாக ஆரம்பித்தான். மாமா சொன்னால் சொன்னதுதான், அதில் நூல் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துணிகளைச் சுருட்டி வைத்தாள்.

அன்று பத்துமடங்கார் வயிறாரச் சாப்பிட்டார். மறுநாளும் சாப்பிட்டார். அவள் முகம் வாடியிருந்தது அவரைக் குத்தியது. குத்தட்டும், மனுஷி முழுசாக இருக்கிறாள் என்று தேற்றிக்கொண்டார். அடுத்த வருஷம் வேறு ஏதாவது ஆசை வரும். தையல் மெஷின், கடற்கரைக்கு ஒரு பயணம், என்னவோ ஒன்று.

ஒரு விடுமுறை நாளில் அவள் காலையிலேயே குளித்துவிட்டு நின்றாள். "வாங்க, ஒரு இடத்துக்குப் போகணும். மிச்சத் துணிக்கு ஏத்த மாதிரி ஒரு வண்டி கெடச்சிருக்கு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பஸ்ஸில் போகும்போதுதான் விளங்கியது. அவர் கொடுத்த அளவுகளை அவள் அப்படியே வைத்துக்கொண்டாள். குறைத்தது வண்டியை. சாம்பல் துணியை எடுத்துவிட்டு, மிச்சமிருந்த நீலத்துக்குள் அடங்குகிற வண்டியைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

பழைய வண்டிகள் விற்கும் இடம் ஊருக்கு வெளியே கல்குவாரிக்குப் போகும் வழியில் இருந்தது. தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த தரை. தம்பி முன்னாலேயே வந்து நின்றான். அவன் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. தரகர் ஒரு மஞ்சள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உயரம், கனம், பத்து வருஷப் பழசு. ராஜா மாதிரி வண்டி, ஒரு டாக்டர் வைத்திருந்தார், கோயில் தேர் மாதிரி எப்போதாவதுதான் வெளியே எடுப்பார் என்று தரகர் அளந்தார்.

பத்துமடங்கார் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பார்க்காமல் இருக்க அவரால் ஆகாது. டயர் பள்ளங்களில் ஆழம் இருந்தது, ஆனால் ஓரங்களில் ரப்பர் காய்ந்து முடி முடியாக வெடித்திருந்தது. முன் பிரேக்கின் குழாயில் ஒரு வீக்கம். அவர் நிமிர்ந்தபோது மைத்துனன் காதருகே வந்தான்.

"மாமா, இதுல ஏபிஎஸ் கெடையாது. மண்ணுல சட்டுனு பிரேக் புடிச்சா சக்கரம் அப்படியே லாக் ஆயிடும். நான் சொல்லிப் பார்த்துட்டேன். நீங்க சொன்ன செலவெல்லாம் போக இவ்வளவுதான் நிக்குதுங்கறா அக்கா. நீங்களாவது சொல்லுங்க."

சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதைச் சொன்னால் பெருக்கியதெல்லாம் வெளியே வரும். சொல்லாவிட்டால் இந்த மஞ்சள் வண்டி. இரண்டுக்கும் நடுவில் நின்று, கண்ணில் பட்டதை மட்டும் சொன்னார். டயரைப் பற்றிச் சொன்னார். பிரேக் குழாயைப் பற்றிச் சொன்னார். தரகர் இரண்டையும் மாற்றித் தருவதாகச் சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தார். அவள் அதற்குள் தம்பியின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"குவாரி முனை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

நில் என்று சொல்ல வாய் திறந்தார். இஞ்சின் உறுமியது. நுனிக்காலில் எக்கி எக்கி வண்டியைத் திருப்பி, அவள் போய்விட்டாள்.

அவர் பாதை ஓரத்தில் நின்று சத்தத்தைக் கேட்டார். கண்ணுக்குத் தெரியாத இயந்திரத்தைக் காதால் பின்தொடர்வது அவருக்குப் பழக்கம். குழிக்குள் நின்றுகொண்டே லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். சத்தம் தேய்ந்தது. கியர் மாறியது. ஒரு மேடு ஏறியிருக்க வேண்டும், கொஞ்சம் திணறியது. பிறகு சீரானது. தரகர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். பிறகு சத்தம் நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை. வெட்டினாற்போல நின்றது.

வண்டியை நிறுத்தியிருப்பாள் என்று மைத்துனன் சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் அவர் ஓடிக்கொண்டிருந்தார். பல வருஷமாக ஓடாத உடம்பு. செருப்பு ஒன்று கழன்று போயிற்று. மூளை தன் வேலையைச் செய்துகொண்டே வந்தது. மணிக்கட்டு, முழங்கால், கழுத்து என்று ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டியது. நிறுத்து, நிறுத்து என்று அதைக் கெஞ்சிக்கொண்டே ஓடினார். எதிரே ஒரு லாரி வந்தது. அதன் டிரைவர் இவரைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, பின்னால் கையைக் காட்டிவிட்டுப் போனார். அந்தக் கை என்ன சொன்னது என்று தெரியவில்லை. அதுதான் அந்த ஓட்டத்திலேயே தாங்க முடியாததாக இருந்தது.

வளைவு திரும்பியதும் சரளைக்கல் ஆரம்பித்தது. மஞ்சள் வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. அவள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து உந்திக்கொண்டிருந்தாள். பேண்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம் கசிந்தது. வலது உள்ளங்கையில் தோல் உரிந்து சின்னச் சின்னக் கல் ஒட்டியிருந்தது.

"வரவேண்டாம். தள்ளி நில்லுங்க. இதை என்னால தூக்க முடியுதான்னு பார்க்கணும்."

அவர் நின்றார். அவள் மூன்றாவது தடவையாக உந்தினாள். வண்டி ஒரு சாண் எழும்பி மறுபடி படுத்துக்கொண்டது. அவள் அதன்மேலேயே சாய்ந்து மூச்சு வாங்கினாள். லாரியைப் பார்த்ததும் பிரேக் பிடித்ததாகவும், முன்சக்கரம் அப்படியே விறைத்துக்கொண்டு வழுக்கிவிட்டதாகவும், மெதுவாக வந்ததால் பிழைத்ததாகவும் சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாள். பிறகு அவருடைய ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள்.

பத்துமடங்கார் அவள் எதிரே சரளையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்ன அளவெல்லாம் பொய்" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"ஜாக்கெட், பெட்டி, தகடு, எல்லாமே. ரெண்டு மடங்கு சொன்னேன். உன் தம்பி சொன்னது அதுல பாதி. துணி பத்தாமப் போகணும்னுதான் சொன்னேன்."

அவள் உள்ளங்கையிலிருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போட ஆரம்பித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கை ஏதாவது வேலை செய்யும். அவருக்குத் தெரியும். கற்கள் தீர்ந்த பிறகும் அவள் கை சும்மா இருக்கவில்லை.

"நான் ஒரு நூல்கூட சந்தேகப்படல" என்றாள். "தம்பி குறைக்கச் சொன்னான். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவன் வாய அடைச்சேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா வாங்காம இருந்திருப்பியா?"

"மாட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அந்த சாம்பல் வண்டிய வாங்கியிருப்பேன்."

குவாரிப் பக்கமிருந்து கல் உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் விட்டுவிட்டு வந்தது. மைத்துனன் மூச்சிரைக்க ஓடிவந்து வளைவில் தெரிந்தான். இரண்டு பேரும் உயிரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கையில் அவருடைய செருப்போடு அங்கேயே நின்றுவிட்டான். அக்கா முகத்தைப் படிக்கத் தெரிந்தவன்.

"இப்ப சரியான அளவச் சொல்லுங்க" என்றாள்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் மனப்பாடமாக இருந்தது. தலைக்கவசம் இவ்வளவு. ஜாக்கெட் இவ்வளவு. தகடு, கம்பிக் காப்பு, இன்சூரன்ஸ். அவள் வெறும் விரலால் கிழிந்த பேண்டின்மேல் நீளங்களை அளந்துகொண்டே வந்தாள். ஒவ்வொரு உண்மை விலையைச் சொல்லும்போதும் சாம்பல் துணி மேஜைக்கு உள்ளே ஒரு விரற்கடை நகர்வது அவருக்குத் தெரிந்தது. கடைசியில் அது முழுசாக உள்ளே வந்துவிடும். வந்ததும் அவள் போய்விடுவாள். தன் வாயாலேயே அவளை வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. எந்த அளவைச் சொன்னாலும் அவள் வீட்டில் இருக்கப்போவதில்லை. எந்த வண்டியில் போவாள் என்பது மட்டும்தான் அவர் கையில் இருந்தது.

"பூட்ஸ்?"

அவர் தயங்கினார். "அதுவும் பாதிதான்."

"பூட்ஸ் மட்டும் நீங்க சொன்ன வெலையிலயே வாங்கறேன். அந்த வெலைக்கு நல்லதா ஒண்ணு இல்லாமலா போகும்." அவள் எழுந்து நின்று கிழிந்த முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். "ஆனா இனிமே என் துணிக்கு நீங்க அளவு எடுக்க வேண்டாம்."

அது வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

மூன்று பேரும் சேர்ந்து மஞ்சள் வண்டியைத் தூக்கினார்கள். கிளட்ச் லிவர் வளைந்திருந்தது. அதற்கான காசைத் தரகரிடம் தன் கையிலிருந்து கொடுத்துவிடுவதாக அவர் சொன்னார். அவள் மறுக்கவில்லை. மறுக்காததிலிருந்தே கோபம் எவ்வளவு என்று தெரிந்தது. அவள் மறுபடி ஏறி ஓட்டவில்லை. தம்பி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்னால் சாமான் கம்பியைப் பிடித்துப் பத்துமடங்கார் தள்ளினார். அவள் பக்கத்தில் விந்தி விந்தி வந்தாள்.

பாதி வழியில் அவர் கேட்டார். "மொதல்ல எங்க போவ?"

கணவாய் தாண்டினால் தார் முடிகிற இடத்தில் ஒரு ஏரி இருக்கிறதாம். பஸ் அங்கே போகாது. அதைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை, பட்டறைக்கு நூல் கொண்டுவரும் டிரைவர் சொல்லக் கேட்டதுதான் என்றாள்.

"அங்க போன் எடுக்குமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். அவர் அன்றைக்கு அதற்குத் தகுதியானவர்தான்.

"எடுக்காது" என்றாள்.

மேட்டில் வண்டி பின்னுக்கு இழுத்தது. அவர் இரண்டு கையாலும் கம்பியை அழுத்திப் பிடித்துத் தள்ளினார்.